கரை உடைத்த நாள்

பொக்லைனை அணைத்துவிட்டு ஒனேசிம்
தண்ணீருக்குக் காத்திருந்தான்.
காலை பதினொன்று பத்து.
ஃபண்டி விரிகுடா இன்னும் அரைக்கல் தொலைவில்,
செம்பழுப்பாய், அவசரமில்லாமல்.

ஒஸித் வேலிக் கம்பியைச் சுருட்டி வண்டியில் ஏற்றினாள்.
கையெழுத்துப் போட்டவள் அவள்தான்.
"பத்து வருஷமா இங்க புல்லைவிட
உப்பைத்தான் அதிகம் அறுத்தேன்."
வேறொன்றும் சொல்லவில்லை.

முதலில் வந்தது நுரை,
அதில் ஒட்டிக்கொண்டு செத்த தட்டான் ஒன்று.
அப்புறம் தண்ணீர். கணுக்கால் உயரம்கூட இல்லை.
நின்றது, புரண்டது,
பள்ளம் எங்கே என்று பக்கவாட்டில் தடவியது.

பழைய கழியின் ஏழு வளைவுகளையும்
வரைபடத்தில் நீலமாய் இழுத்திருந்தேன்.
எத்தனை காலம் மூடிக்கிடந்தாலும்
தன் தடம் அதற்குத் தெரியும் என்று
கூட்டத்தில் பேசியதும் நான்தான்.

பொக்லைனின் சங்கிலித் தடம் இரண்டிலும்
நேராக ஏறி வந்தது ஓதம்.
ஒனேசிம் சிரிப்பை அடக்கப் பார்த்தான்.
ஒஸித் அடக்கவில்லை.

ஒன்றரைக்கு வயல் முழுதும் வானம்,
அறுத்த தாள்கள் மட்டும் தலைநீட்டி.
ஏறவுமில்லை, இறங்கவுமில்லை;
ஒரு புட்டி மூடி நின்ற இடத்திலேயே சுழன்றது.

வடியும்போதுதான் அது வேலையைத் தொடங்கியது.
தடத்தின் ஓரத்தை அரித்து அரித்து
முதல் வளைவைத் தானே வெட்டிக்கொண்டது,
என் நீலத்திலிருந்து நாற்பதடி தள்ளி.
போகையில் நகக்கனத்துக்குச் சேறு விட்டுப்போனது.

குச்சி நட்டு அளந்தேன்.
அடுத்த வரவு இரவு பதினொன்றரைக்கு.
டார்ச் இருக்கிறதா என்று கேட்டாள் ஒஸித்,
ரப்பர் பூட்ஸைக் கழற்றாமலே.