சிவப்பு ஒயரில் பன்னிரண்டு

மாட்டினேன், மாட்டியது.
அதுதான் வினை.

பழைய பவர் சப்ளையின் விசிறி
ஆடிக் காற்றாட்டம் இரைகிறதென்று
காந்திபுரத்தில் புதுசு வாங்கி வந்தேன்.
கேபினெட்டுக்குப் பின்னால் பழைய ஒயர்களை
ஏழு இடத்தில் டை போட்டு இறுக்கியிருந்தது,
நானேதான், மூன்று வருசத்துக்கு முன்னால்,
ஒழுங்காக இருந்த ஏதோ ஒரு நாளில்.
அவிழ்க்கச் சோம்பல்.
பெட்டியை மட்டும் மாற்றினால் போதாதா,
ஒயர் ஒயர்தானே.
ஆறு ஓட்டைக்கு ஆறு முள்.
டிக்கென்று உட்கார்ந்தது.

பொத்தானை அமுக்கினேன்.
விசிறி கால் சுற்றுச் சுற்றி நின்றது.
இன்னொரு தடவை. கால் சுற்று.
பிறகு ஒரு வாசம்:
தாளிக்கிற கரண்டியின் பிடி கருகினால் வருமே, அது.

அனுப்பர்பாளையத்தில் அன்றைக்குப்
பாத்திரப் பட்டறைகள் லீவு.
எங்கள் எம்பிராய்டரி மிசின் மட்டும்
பன்னிரண்டு தலையையும் ஆட்டிக்கொண்டு
குழந்தை பனியன்களில் வாத்து தைத்துக்கொண்டிருந்தது.
அடுத்த டிசைன் கேட்டு வந்த மருதாசலத்திடம்
"சித்த இருப்பா" என்றேன்.
அந்தச் சித்த நேரம் நாலு நாள்.

ஹார்டு டிஸ்க் மூன்றையும் கழற்றினேன்,
கம்ப்யூட்டர் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பியது.
ஒன்றை மாட்டினேன், படுத்துக்கொண்டது.
மூன்றையும் துண்டில் சுற்றி
அவிநாசிக்கு பஸ் ஏறினேன்,
மடியில் வைத்தபடி.

ரஜியா டிஸ்க்குகளைத் தொடவே இல்லை.
"பழைய கேபிளையேவா போட்டீங்க?"
தலையாட்டினேன்.
"ஏனுங், கூட்டம் விசாரிக்க மாட்டீங்களா?
மனுசருக்கு ஒரே கூட்டத்துல கட்டக் கூடாது,
ஒயருக்கு ஒரே கூட்டத்துலதானுங் கட்டோணும்."

மீட்டரின் முள்ளை வைத்துக் காட்டினாள்.
ஐந்து வோல்ட் வர வேண்டிய சிவப்பு ஒயரில்
பன்னிரண்டு புள்ளி சைபர் ஒன்பது.
டிஸ்க் பக்கத்து முனை ஊருக்கெல்லாம் ஒன்றாம்,
சப்ளை பக்கத்து முனைதான்
கம்பெனிக்குக் கம்பெனி வேறாம்.
வேறென்று தெரியும்படி
ஓட்டையையாவது மாற்றி வைத்திருக்கலாம் பாவிகள்.

பச்சைப் பலகையின் ஓரத்தில்
எள்ளுக்கு அண்ணன் போல ஒரு டயோடு.
முள் பட்டதும் மீட்டர் விடாமல் கீச்சிட்டது.
"இது செத்துப்போச்சுங்.
வந்த கரண்டையெல்லாம் தன் மேல இழுத்துப் போட்டுக்கிச்சு."
சூடு காட்டி இடுக்கியால் கிள்ளி எடுத்தாள்.
சரியான சப்ளையில் சொருகினாள்.
முதலில் ஒரு முனகல்,
அப்புறம் மாவு மிசின் வேகம் பிடிப்பதுபோல
உள்ளே தட்டு சுற்றத் தொடங்கியது.
பதினோரு வருசத்து வாத்து, டைனோசர், நிலா,
ஒரு தையல் குறையாமல்.
"இனி இதுக்குக் காவல் இல்லீங்.
எடுக்கறத எடுத்துட்டு நிறுத்திருங்க."

இரண்டாவதும் அப்படியே பிழைத்தது.
மூன்றாவதில் மீட்டர் கீச்சிடவில்லை.
மோட்டார் சிப்பின் நடுவில்
பொடி எறும்பு நுழையுமளவு பழுப்புக் குழி.
ரஜியா ஒன்றும் சொல்லாமல்
அதைத் துண்டில் திரும்பச் சுற்றித் தந்தாள்.

மூன்றாவதில்தான் அட்வான்ஸ் கணக்கு இருந்தது.

சனிக்கிழமை சம்பளத்துக்கு
கருணாம்பிகையம்மா நாற்பது பக்க நோட்டோடு வந்து,
சொல்லுங்க, யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்றார்.
மருதாசலம் ஏழாயிரம் என்றான்.
ஒன்பதாயிரத்து ஐந்நூறு, நானே டைப் அடித்தது.
நூல்கண்டு நம்பரைப் படித்துக்கொண்டிருந்தேன்.
பிசிர் வெட்டுகிற தங்காயி
நாலாயிரத்து முந்நூறு என்றாள்.
"அது போன மாசமே கழிஞ்சுதுங்" என்று
அங்கே மட்டும் வாய் திறந்தேன்.
அவள் நம்பாமல் விரல் விட்டு எண்ணினாள்.

கடைசியில் நோட்டு என் பக்கம் திரும்பியது.
"உனக்கெவ்வளவு?"

சொல்லலாம்,
டிஸ்க்கைச் சாகடித்தவனே சொல்லலாம்,
எந்தத் தட்டிலும் சாட்சியில்லை.
ஐந்து என்றுதான் வாயைத் திறந்தேன்.
பன்னிரண்டு என்று வந்தது.

அவர் எழுதிக்கொண்டார்.
மிசினுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்த மருதாசலம்
ஊசியை விட்டுவிட்டு
என்னையே பார்த்தான்.