அபராதம்

முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில்
பதினோரு வருஷம் தராசு பிடித்தேன்.
என் கட்டைவிரல் ஒருநாளும் சும்மா இருந்ததில்லை.
தட்டின் விளிம்பில், ஐஸ் தண்ணீர் வழிகிற பக்கமாக,
ஈ உட்கார்வதுபோல் உட்காரும்.
நூறு கிராம்.
கூட்டம் நெருக்கினால் நூற்றைம்பது.
மிஞ்சுகிற சங்கராவில் மண்டிக்காரருக்குப் பாதி, எனக்குப் பாதி.
எலெக்ட்ரானிக் தராசு வந்தபோது
விரலுக்கு வேலை போய்விடும் என்று பயந்தேன்.
போகவில்லை.
அந்தச் சிவப்பு எண்களும் அதற்குப் பழகிக்கொண்டன.

சாம்பல் புதன். விடியற்காலைப் பூசை.
உடம்பு வரிசையில், மனசு ஏலத்தில்.
புதிதாக வந்த பங்குச்சாமிக்கு முப்பது வயதுகூட இருக்காது.
கிண்ணத்தில் தொட்டு என் நெற்றியில் அழுத்தினார்.
கட்டைவிரல்.
அவ்வளவுதான் நடந்தது.
எனக்கு முன்னால் நின்ற ரீத்தம்மாள்
சிலுவை போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.
என்னை மட்டும் யாரோ தட்டில் ஏற்றி
முள் நிற்கும்வரை காத்திருப்பதுபோல் இருந்தது.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முட்டி போட்டேன்.
கணக்கு எழுதிக்கொண்டு போயிருந்தேன்:
நாளைக்கு இத்தனை கூடை,
மீன்பிடித் தடைக்காலம் கழித்து,
புயல் நாட்கள் கழித்து.
சாமி காகிதத்தை வாங்கவில்லை.
அபராதம் மூன்று அருள் நிறைந்த மரியே என்றார்.

மூன்றா?
தடைசெய்த வலைக்கே ஆயிரக்கணக்கில் தீட்டுகிறார்கள்.
பதினோரு வருஷத்துக்கு மூன்றா?
"கொஞ்சம் கூட்டிப் போடுங்க சாமி."
சல்லடைத் தட்டிக்கு அந்தப்பக்கம் சத்தமில்லை.
பிறகு மெதுவாக,
"இங்கயும் விரல வைக்கிறீங்களா, மதலைமுத்து?"

என் பெயர் அவருக்குத் தெரியும் என்பது
அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"எடுத்தத திருப்பிக் குடுத்துடுங்க.
அது அபராதம் இல்ல. கடன்."

சோனாங்குப்பத்து அஞ்சலாட்சியிடம் ஆரம்பித்தேன்.
வலைக்கொட்டகை நிழலில் கூடைக்கு ஐஸ் தட்டிக்கொண்டிருந்தாள்.
ராத்திரி முழுக்கச் சேர்த்து வைத்த வாக்கியங்கள்
வாயில் மீன்முள்ளாகக் குத்தின.
விரலை நீட்டிக் காட்டினேன், அவ்வளவுதான் முடிந்தது.

"தெரியும்" என்றாள், கிளிச்சையைப் புரட்டியபடி.
"இந்தத் தொறையில உன் வெரல பாக்காதவ யாரு?
பக்கத்துத் தராசுக்குப் போனா
அவன் முழங்கைய வைக்கிறான்."

சிரித்தாளா என்று நிமிர்ந்து பார்க்கவில்லை.
நான் ஒளித்து வைத்திருந்ததாக நினைத்ததை
அவள் தினமும் தலையில் ஏற்றி
திருப்பாப்புலியூர் தெருத்தெருவாகச்
சுமந்து போயிருக்கிறாள்.

உறையைக் கொடுத்தேன்.
எச்சில் தொட்டு இரண்டுமுறை எண்ணி
மடியில் செருகினாள்.
"இது எனக்கு. குப்பாயிக்கு? கஸ்தூரிக்கு?
போன ஐப்பசியில செத்தாளே பூங்காவனம்,
அவளுக்கு எங்க போய்க் குடுப்ப?"

பதில் இல்லை.
படகுகளில் டீசல் நிரப்புகிற சத்தம்.
ஒரு நாய் வந்து எங்கள் இருவரையும் மோந்துவிட்டுப் போனது.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை.
சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு
"பஸ்சு போயிடும். தூக்கிவிடு" என்றாள்.

குனிந்தேன்.
பத்துக் கிலோ இருக்கும், ஐஸோடு பன்னிரண்டு.
முதல்முறையாக என் கட்டைவிரல்
கூடைக்கு அடியில் இருந்தது.
சரியான எடை வலித்தது.

மூன்றில் இரண்டைக் கோயிலிலேயே சொல்லிவிட்டேன்.
மூன்றாவதைத் தினமும் தராசுக்கு முன் தொடங்குகிறேன்.
"எங்களுக்காக" என்ற இடத்தில்
பூங்காவனம் வந்து நிற்கிறாள்,
காலிக் கூடையுடன், அவசரம் எதுவும் இல்லாமல்.
நானும் அங்கேயே நிற்கிறேன்.
அடுத்த கூடை வந்துவிடுகிறது.
விரலை மடக்கிக்கொண்டு எடை போடுகிறேன்.