இமை மடிப்புக்கு முன்

கொழும்பு பஸ் எட்டரைக்கு, மாங்குளம் சந்தியில்.
கரண்ட் பில்லின் பின்புறம்
கேட்க வேண்டியதெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன்:
தையல் எத்தனை நாள்,
கண் வறண்டு போகுமா,
சூடடிக்கிற தூசிக்குள் இமை முழுதாய் மூடுமா,
பிடிக்காவிட்டால் அவிழ்க்கலாமா.

போன முறை டொக்டர்
வளைத்த கம்பியொன்றை இமையில் மெல்ல அழுத்திக்
கண்ணாடியை நீட்டினார்.
இப்படியா, இன்னும் கொஞ்சம் மேலேயா?
எவருக்கும் இரண்டு கண்ணும் ஒரே அளவில்லை,
அதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கோ.
இரண்டு கிழமைக்கு அஸ்பிரின் வேண்டாம்.
வீக்கம் வடிய மாதங்கள் போகும்,
அதுவரை யாரிடமும்
வடிவா என்று கேட்க வேண்டாம்.

எழும்பும்போது சொன்னார்:
சின்ன வயதுப் படம் ஒன்று கொண்டு வாங்கோ.

அல்பம் வட்டுவாகல் தண்ணீருக்கு
அந்தப் பக்கமே நின்றுவிட்டது.
இருப்பது ஒன்று,
முகாம் அட்டையில், பதினொரு வயது,
நெஞ்சோடு இலக்கம் பிடித்தபடி
வெயிலுக்கு இறுக்கிய கண்கள்.

சுகிர்தா மச்சாள் கடை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள்.
"இதில உனக்கு இமையே தெரியேல்லையடி."

பேர்ஸுக்குள் வைக்கிறேன்.
பில்லில் இன்னொரு கேள்விக்கு இடமில்லை.
பஸ் லைட் முகத்தில் அடிக்க
அதே மாதிரித்தான் சுருங்குகிறது,
இடது கொஞ்சம் முந்தி.