பூசின மாதிரியும்

நான் வருகிறேன் என்று தெரிந்ததும்
வீட்டைப் பெருக்கி வைத்துவிட்டாள் அஞ்சலாட்சி.
காய்ந்த தரையை, தென்னந்துடைப்பத்தால்,
இரண்டு தடவை.
எதைத் தேடி வந்தேனோ அது எழும்பி
வெயில் விழும் இடத்தில்
மினுங்கிக்கொண்டிருக்கிறது.

கடலூர் முதுநகர். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்.
வாடகை மூவாயிரத்து இருநூறு.
பிள்ளையின் ரத்தச் சீட்டில் ஒரு எண்,
அதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம்.
"ஈயச்சொம்புல ரசம் வைக்கிறோமே மேடம்,
அதனாலயா?"
அது வெள்ளீயம், இது காரீயம் என்றேன்.
ரெண்டும் ஈயம்தானே என்றாள்.

முதலில் காட்டியது மேற்குச் சுவரை.
உப்பு பூத்து, பொருக்குப் பொருக்காய் எழும்பி,
மூச்சு பட்டால் உதிரும் சுவர்.
"இதுதான், பாக்கவே கேவலமா இருக்கு."
விரலில் வெள்ளையாய் ஒட்டியது.
வெறும் சுண்ணாம்பு.
கடல்காற்று தின்று மிச்சம் வைத்தது.
அசிங்கமாய் இருப்பதைத் தவிர
அந்தச் சுவர் ஒன்றும் செய்யவில்லை.

பயிற்சியில் நான்கு சொல்லித்தந்தார்கள்:
உரிவது, செதிலாவது, மாவாய் வருவது,
முதலைத்தோல்போல் வெடிப்பது.
மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடித்தபிறகு
ஐந்தாவது ஒன்றையும்:
உராய்வது.

அந்த வீட்டில் இருப்பதிலேயே அழகு ஜன்னல்தான்.
வான நீலம், பளபளப்பு.
படகுக்கு அடித்து மிஞ்சியதை
பொங்கலுக்கு தணிகாசலம் கொண்டுவந்து பூசியது.
விளிம்பில் நகமளவு பெயர்ந்த இடத்தில்
பூதக்கண்ணாடியை வைத்தேன்.
நீலத்துக்குக் கீழே பச்சை.
பச்சைக்குக் கீழே, ஏதோ தேர்தலில் மிஞ்சிய மஞ்சள்.
கம்பியில், எல்லாவற்றுக்கும் அடியில்,
துருவுக்குப் பூசும் அந்த ஆரஞ்சுச் சிவப்பு.
மெஷின் சென்னையிலிருந்து வியாழக்கிழமைதான் வரும்.
அதுவரை கண்.

மழைக்கு ஊதிய கதவு சட்டத்தில் உரசுகிறது.
"ஒரு நாளைக்கு எத்தனை தடவை மூடித் திறப்பீங்க?"
"கொசு வந்தா மூடுவேன், கரண்டு போனா திறப்பேன்."
சிரித்தோம்.
கதவின் கீழே, பள்ளத்தில்,
துடைப்பம் எட்டாத நீல மாவு.

பிறகு அளவுநாடாவைப் பிடித்தேன்.
தரையிலிருந்து ஜன்னல் விளிம்பு
இரண்டேகால் அடி.
அதில் பல் பதிந்திருந்தது.
மேலே நான்கு, கீழே இரண்டு.
"ரயில் பாப்பான் மேடம்.
சத்தம் கேட்டா போதும், ஓடிப்போய் நிப்பான்."
இனிக்குமாம். படித்திருக்கிறேன்.
யாரோ ஒருவர் நக்கிப் பார்த்துத்தானே
எழுதியிருக்க வேண்டும்.

வீட்டுக்காரர் நெய்வேலியிலிருந்து போனில் வந்தார்.
"ரிப்போர்ட்டு பாத்து எழுதுங்கம்மா.
ஈயம் பூசின மாதிரியும் இருக்கணும்,
பூசாத மாதிரியும் இருக்கணும்."
சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.
என்ன சொன்னோம் என்று
அவருக்குத் தெரிந்திருக்காது.

படிவத்தில் மூன்று கட்டங்கள்:
நன்று, சுமார், பழுது.
சுவருக்கு 'பழுது' போட்டு,
ஓரத்தில் 'சுண்ணாம்பு' என்று எழுதினேன்.
அந்தப் பளபளக்கும் ஜன்னலுக்கும்
பேனாவை அழுத்தி
அதே கட்டம்.

ஈரத்துணி கேட்டேன்.
பழைய பள்ளிக்கூடத் தாவணி ஒன்றைக் கிழித்துத் தந்தாள்.
துடைத்ததும் நீலமாயிற்று.
அலசப் போனவளை
பாத்திரம் கழுவும் இடத்தில் ஓடிப்போய்த் தடுத்தேன்.

ஐந்தேகால் வண்டி தூரத்தில் கூவியது.
இடுப்பில் இருந்த கவினேஷ்
ஜன்னலை நோக்கி உடம்பையே வளைத்தான்.
அவள் அவனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு,
கதவில் கைவைத்து, என்னைப் பார்த்தாள்.

"மூடவா மேடம், திறந்தே வைக்கவா?"

அப்படியே விடுங்க என்றேன்.
பாதி திறந்திருந்தது.