வரிசை ஒன்பது, மரம் நாற்பத்தொன்று

ஒக்கி போன மறுநாள் அந்தச் சரிவில்
முறியாமல் நின்றது ஒன்றுதான்.
வரிசை ஒன்பது, மரம் நாற்பத்தொன்று.
ஏன் நின்றது என்று யாருக்கும் தெரியாது.
மரத்துக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

இடுப்பளவில் அறுத்தோம்.
நின்றதற்குக் கிடைத்த பரிசு அது.
ஆறு வாரத்தில் பட்டையைப் பிளந்து
செம்பு நிறத்தில் துளிர்கள்.
மூத்த கொம்பு கண்ணாடிக்குள் வளர மறுக்கும்.
அறுத்த குற்றியில் கிளம்பும் துளிருக்கோ
தன் வயது மறந்திருக்கும்.

குலசேகரத்திலிருந்து ஏழரை பஸ்ஸில் வந்து
செருப்பை வெளியே விட்டு
முழங்கை வரை ஸ்பிரிட்டில் துடைத்து
காற்றை வடிகட்டி அனுப்பும் கூண்டின் முன்னால் உட்கார்கிறேன்.
பேசக் கூடாது. இருமக் கூடாது.
பிச்சிப்பூ வைத்து வரவே கூடாது.
சோப்புத் தண்ணீர், ரசக் கரைசல்,
பிறகு காய்ச்சி வடித்த தண்ணீர் மூன்று முறை.
என் மகளை நான் இப்படிக் குளிப்பாட்டியதில்லை.
அப்புறம் கத்தி.
உறைகளை ஒவ்வொன்றாய் உரித்துக்கொண்டே போனால்
நுனியில் மூன்று மில்லிமீட்டர்.

அறுத்த இடத்தில்
குண்டூசித் தலையளவு
வெள்ளையாய்க் கசிகிறது.
இத்தனை சின்னதிலும் பால்.
யாரும் சிரட்டை கட்டவில்லை.
யாரும் கேட்கவில்லை.

துடைத்துவிட்டு ஜெல்லியில் நட்டேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு குப்பிகள்.
மூன்றாம் நாள் அறுபதில் பூஞ்சை, பஞ்சு வைத்ததுபோல்.
சில தன் கறையிலேயே கறுத்தன.
சிலவற்றில் நோய் வெளியிலிருந்து வரவில்லை,
தண்டுக்குள்ளே முன்பே குடியிருந்தது.
பேச்சிப்பாறைப் பக்கம் இடி விழுந்து கரண்ட் போன இரவு
ஜெனரேட்டரில் டீசல் இல்லை.
அன்றைக்கு எத்தனை என்று எண்ணவில்லை.

மிஞ்சிய பத்தொன்பதும் இலை விட்டன.
வேர் விடவில்லை.
ஹார்மோனைக் கூட்டினேன், குறைத்தேன்,
கரி கலந்தேன், இருட்டில் வைத்தேன்.
பதிவேட்டில் ஒன்பது மாதம் என் கையெழுத்தில்
வேர் இல்லை, வேர் இல்லை.
சர்க்கரை காலடியில், வெளிச்சம் பதினாறு மணி நேரம்,
வெயில் இல்லை, மழை இல்லை.
வேர் விட்டு என்ன ஆகப்போகிறது என்று
அவை நினைத்திருந்தால் தப்பில்லை.

உப்பைப் பாதியாக்கினேன்.
நூற்று நாற்பத்து மூன்றாம் குப்பியில்
ஒரு செவ்வாய்க்கிழமை
வெள்ளை நூல்போல ஒன்று, கீழே போகாமல்
பக்கவாட்டில் நீண்டு கண்ணாடியைத் தொட்டது.

மழைநாள், வெட்டு இல்லை.
அந்தச் சரிவில் பால் வெட்டும் புளோறன்ஸ்
ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தாள்.
"இதாக்கும் மரம்?"
"இதுதான்."
"எப்ப வெட்டலாம்?"
"ஏழு வருஷம் ஆகும்."
விரலில் எண்ணினாள். தன் வயதைத்தான் கூட்டியிருப்பாள்.
"கொள்ளாம்" என்றாள்.
போகிற போக்கில் திரும்பி,
"எல்லாம் ஒண்ணுபோலத்தானே இருக்கும்?
ஒண்ணுக்கு வந்த தீனம் எல்லாத்துக்கும் வருமே."

பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

இன்று மூடியைத் திறக்கும் நாள்.
வேரில் ஒட்டிய ஜெல்லியைக் கழுவி
தென்னைநார்த் தூளில் வைத்து
மேலே பாலித்தீன் கூடாரம். தினமும் ஓர் ஓட்டை போடுவேன்,
நேற்றையதைவிடச் சற்றுப் பெரிதாக.
மூன்று விரல் இலை. கட்டைவிரல் உயரம்.
காற்று என்றால் என்னவென்றே தெரியாது.
தாய்மரத்தை நிற்கவைத்தது எதுவோ
அது அந்த மூன்று மில்லிமீட்டரில் இருந்ததா?
அறிய வேண்டுமானால் இன்னொரு புயல் வேண்டும்.
வேண்டாம்.

பதினைந்தாம் நாள் கூடாரத்தை எடுத்துவிட்டு
ஜன்னலைச் சாத்தி
மேசை விசிறியை ஒன்றில் வைத்தேன்.
இலை கொஞ்சம் அசைந்தது.
இரண்டில் வைக்கவில்லை.