வால் இல்லாத ஏழு

சூளகிரிக்கு முன்னால், பாலம் ஏறுகிற இடத்தில்
வண்டி இரண்டு தரம் இருமி நின்றது.
திம்மராஜ் மாமா ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தார்,
கன்று போட்ட மாட்டைத் தட்டுகிற மாதிரி.
"நம்ம நாட்டு வண்டி. கைவிடாது."

வாங்கிப் பதினோரு நாள். நாங்கள் மூன்றாவது கை.
பின்கண்ணாடியில் மூவர்ணக் கொடி ஒட்டியது
முதல் ஆளா இரண்டாம் ஆளா, தெரியாது.
ராயக்கோட்டைத் தக்காளி லாரி ஒவ்வொன்றும்
எங்களை ஒரு உலுக்கு உலுக்கிப் போனது.

முஜீப் வந்தான். பானெட்டுக்குள் தலையை விட்டான்.
"பெல்ட் நல்லாருக்கு, புல்லிதான் போச்சு.
உள்நாட்டு மால் இல்லையா, இப்படித்தான்.
பாரின் பீஸ் ஒண்ணு வச்சிருக்கேன்.
ரெண்டாயிரத்து நானூறு."
வழவழப்பான பெட்டி. படிக்கத் தெரியாத எழுத்து.
பிரித்துக் கையில் கொடுத்தான்.

எனக்குப் புல்லியைப் பார்க்கத் தெரியும்.
ஓசூர் சிப்காட், இரண்டாம் பேஸ், கடைசி ஷெட்,
ஒரு ஷிப்டுக்குத் தொள்ளாயிரம்.
கொரியாக்காரன் சுருட்டி அனுப்பிய தகடு,
ஜெர்மன் பீப்பாயில் கிரீஸ்,
கஞ்சம் ஜில்லாவிலிருந்து வந்த பாசந்தி நாயக்கின் கை.
வீட்டில் தெலுங்கும் பஸ்ஸில் கன்னடமும்
லைனில் தமிழும் பேசுகிற நான்
கேஜில் நுழைத்துப் பார்ப்பேன்.
நீல டிரேயில் விழுந்தால் ஏற்றுமதி.
மஞ்சளில் விழுந்தால் உள்நாடு.
லோடு குறைகிற நாளில்
மஞ்சளிலிருந்து நீலத்துக்கு அள்ளிப் போடச் சொல்வார்கள்.
ஒரு கை தூரம்தான் நாடு.

திருப்பினேன். உள்விளிம்பில் நம்பர்.
நாலு, ஏழு, ஏழு, இரண்டு.
இரண்டு ஏழுக்கும் வால் இல்லை.

ஆடியில் உடைந்தது எங்கள் பன்ச்.
புதுசு கேட்டு கோபாலப்பா சார் மூன்று தரம் எழுதினார்.
தை பிறந்துவிட்டது, இன்னும் வரவில்லை.
அதற்குள் இது கடல் தாண்டிப் போய்
பெயர் மாற்றிக்கொண்டு வந்து
தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில்
என் உள்ளங்கையில் உட்கார்ந்திருக்கிறது.

சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் கட்டைவிரல் விளிம்பைத் தடவிவிட்டது.
பிசிறு.
முடி அளவு, இருந்தாலும் பிசிறு.
ஒரே மாதத்தில் பெல்ட்டைத் தின்றுவிடும்.
சிவப்புத் தொட்டியில் விழுந்திருக்க வேண்டியது.
நம்பருக்குப் பக்கத்தில் சி என்று ஒரு குத்து:
ராத்திரி ஷிப்ட்.
ஆவணி முழுக்க எனக்கும் ராத்திரி ஷிப்ட்தான்.
நாலு மணிக்கு டீ வருவதற்கு முன்னால்
கண் திறந்திருக்கும், பார்க்காது.

"அரம் இருக்கா?" என்று கேட்டேன்.
முஜீப் மாமாவைப் பார்த்தான். மாமா என்னைப் பார்த்தார்.
நாலு இழுப்பு. ஊதினேன். தடவினேன்.
"போடு. ஆயிரத்து எண்ணூறுக்கு மேலே தரமாட்டோம்."
எங்கள் கேட்டைத் தாண்டும்போது அதன் விலை என்னவென்று
சொன்னால் முஜீப் நம்பியிருக்க மாட்டான்,
மாமா தாங்கியிருக்க மாட்டார்.

வண்டி கிளம்பியது. "பாரின் பாரின்தான்" என்றார் மாமா,
பத்து நிமிடம் கழித்து,
"ஆனா வண்டி நம்மது."
நான் ஒன்றும் சொல்லவில்லை.
கிருஷ்ணகிரி டோல்கேட் வரைக்கும்
ரேடியோவைப் போடவிடாமல்
அந்தப் புல்லி சுற்றுகிற சத்தத்தையே
கேட்டுக்கொண்டு வந்தேன்.