உதட்டுப் பங்கு

ஹள்ரமௌத்தில், மழை பொய்த்த மூன்றாம் ஆண்டு,
காஜி முஸஃப்பர் முன்னால்
ஒரு கிணறு வழக்காட வந்தது.

கிணறு எங்கே வரும், அதன் பெயரால் இருவர்.
உபைத் பாஸுமைர் உள்ளங்கைகளை விரித்தான்,
விரலடிதோறும் காய்ப்பு:
"பதினேழு பாகம் பாறை உடைத்தோம்.
கயிறு அறுந்த அன்று
என் தம்பி அதற்குள்தான் கிடந்தான்.
இதற்கு மேல் என்ன பத்திரம் வேண்டும்?"

நுவைரா உட்காரவில்லை.
"நாற்பத்தோரு ஆடு" என்று தொடங்கியவள்
வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்து
"முப்பத்தெட்டு" என்று திருத்திக்கொண்டாள்.

காஜி ஏடு புரட்டினார்.
இறைமறையில் நீர் வானிலிருந்து இறங்கியது,
செத்த மண்ணை உயிர்ப்பித்தது;
பாஸுமைரின் கப்பி அங்கே கிறீச்சிடவில்லை.
நபிமொழிகளில்,
ஒருவர் சொல்ல ஒருவர் கேட்டு
அவர் சொல்ல இன்னொருவர் கேட்டு
பெயர்கள் சங்கிலியாய் நீள,
கடைசிக் கண்ணியில்
ஒரு வாய்த் தண்ணீர் தொங்கியது:
மிஞ்சிய நீரை மறுக்காதே.
மிஞ்சியது என்றால் எவ்வளவு?
கூஃபாவில் ஒருவர் ஒன்று சொன்னார்,
மதீனாவில் ஒருவர் வேறு சொன்னார்,
இருவர் பக்கமும் நியாயம் இருந்தது.
வெளியே ஓர் ஆடு இருமியது.

கழுதைக்குச் சேணம் போடச் சொன்னார்.

பாதை கிணற்றுக்கு நேரே போகவில்லை.
சற்று விலகி,
எப்போதோ வற்றிப்போன ஒரு சுனையை நோக்கி இறங்கியது.
கிணற்றைவிட மூத்த பாதை.
குளம்புகள் உரசி உரசிச்
சுண்ணாம்புக் கல்லில் விரற்கடைப் பள்ளம்.
காஜி இறங்கினார், முழங்காலைப் பிடித்தபடி குனிந்தார்,
அந்தப் பள்ளத்தில் விரலை வைத்தார்.

ஷரீஅத்.

ஆயிரம் தடவை நாக்கில் உருட்டிய சொல்.
தொட்டது இன்றுதான்.
அது சட்டமாகும் முன்பு,
கசையாகவும் கத்தியாகவும் பயந்தவர் காதில் விழும் முன்பு,
இடையர் வாயில்
நீர்த்துறைக்கு இறங்கும் தடமாய் இருந்தது.

(என் தமிழிலும் ஆறு என்றால் நதி,
ஆறு என்றால் வழி.
எந்தக் காலத்து வறட்சி
இரண்டையும் ஒரே சொல்லில் கட்டிவைத்ததோ.)

"தடம் அவனுடையது" என்று முணுமுணுத்தார் காஜி,
"தடுக்கி விழுகிற கால்தான் நம்முடையது."
எழுத்தன் ஜுமைல் இதை எழுதுவதா என்று கேட்டான்.
வேண்டாம் என்றார்.

தீர்ப்பு நீளமில்லை.
கிணறு உபைதுடையது.
கயிறும் கப்பியும் அவனுடையவை,
பேரீச்சைக்குப் பாயும் நீரும்.
ஆனால் உதட்டுக்கு விலை இல்லை.
ஆட்டுக்கும் உதடு உண்டு.

"உதடெல்லாம் குடித்த பிறகு
என் மரங்களுக்கு என்ன மிஞ்சும்?"
"தெரியாது."
"இதையாவது எழுதட்டுமா?" என்றான் ஜுமைல்.
"இதை எழுது."

அஸர் நேரமாயிற்று.
நுவைராவின் ஆடுகள் தொட்டியில் மூக்கு முட்டி நின்றன.
உபைத் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இறைத்தான்,
என்றாலும் மரியாதை விடவில்லை:
காஜியின் ஒளுவுக்கென்று
ஒரு வாளியைக் காலடியில் வைத்தான்.

காஜி அதைப் பார்த்தார்.
தொழுகைக்கு உதடு இருக்கிறதா என்று
தன்னையே விசாரித்தவர்போல் சற்று நின்றார்.
பிறகு வாளியைத்
தொட்டிவரை வரமுடியாத நொண்டி ஆட்டின் முன்னால் நகர்த்திவிட்டு
இரு கைகளையும் புழுதியில் தட்டி
முகத்தில் தடவினார், முன்கைகளில் தடவினார்.

தொழுது முடிக்கையில்
புருவமெல்லாம் செம்மண்.
உபைத் இன்னொரு வாளி இறைத்தான், யாரும் கேட்காமல்.

அது ஏட்டில் இல்லை.
ஜுமைலின் மைக்கூடு
அதற்குள் மூடியாகிவிட்டது.